பெட்டி பிழைத்தது, பாலம் பிழைக்கவில்லை

இங்கிலாந்தின் லிவர்பூல் நகர அருங்காட்சியகத்தில் ஒரு பழைய இரயில் பெட்டி இருக்கிறது. மரத்தால் ஆனது. எண் 3. 1892ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. அருங்காட்சியகத்தில் பொதுவாகப் பெரிய பொருள்களைத் தரையில்தான் வைப்பார்கள். இந்தப் பெட்டியை மட்டும் உயரத்தில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். காரணம் எளிது. தெருவில் நடப்பவர்களின் தலைக்கு மேலே ஓடுவதுதான் இதன் வேலையாக இருந்தது.

நம் ஊரில் எல்.ஆர்.டி. இரயில் தூண்களின் மேல் ஓடுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மின்சாரம், உயர்ந்த பாதை, பெட்டியின் அடியிலேயே மோட்டார், தானாக மாறும் சைகை விளக்கு. இவற்றில் ஒன்றும் உங்களுக்கு வியப்பாக இருக்காது. ஆனால் இவை எல்லாம் முதன்முதலில் ஒரே பாதையில் ஒன்றுசேர்ந்த இடம் லிவர்பூல் உயர்நிலை இரயில்வே. உலகில் மின்சாரத்தால் ஓடிய முதல் உயர்நிலை இரயில்வே அதுதான். 1893 பிப்ரவரி 4ஆம் தேதி அதைத் திறந்துவைத்தார்கள். மார்ச்சில் பொதுமக்கள் ஏறினார்கள். 1956 டிசம்பர் 30ஆம் தேதி மூடினார்கள். அடுத்த ஆண்டே பாலத்தைப் பிரித்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று மோட்டார் பொருத்திய பெட்டிகளில் எஞ்சியிருப்பது இந்த எண் 3 மட்டும்தான்.

பழைய பெட்டிகளை ஏன் காப்பாற்ற வேண்டும், எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பெட்டியை மட்டும் காப்பாற்றினால் பல நேரங்களில் பாதிப் பொருளைத்தான் காப்பாற்றுகிறோம். நம் நாட்டு இரயில்களுக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அதைச் சொல்வதற்கு லிவர்பூல் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். மெர்சி ஆற்றின் கரையோரம் கிலோமீட்டர் கணக்கில் கப்பல்துறைகள் வரிசையாக இருந்தன. கரையோரச் சாலையில் குதிரை வண்டிகள், சரக்கு இரயில்கள், ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்குள் பொழுது போய்விடும். தரையில் இடமில்லை என்றால் மேலே போக வேண்டியதுதான். தெருவுக்கு மேலே ஏறத்தாழ 16 அடி உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரத்தில், இரும்புத் தூண்களின் மேல் பாதை போட்டார்கள். பொறியாளர்கள் இருவர்: சர் டக்ளஸ் ஃபாக்ஸ், ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட். இந்தக் கிரேட்ஹெட்தான் லண்டனில் நிலத்துக்கு ஆழத்தில் சுரங்க இரயில் தோண்டுவதற்கான கவச இயந்திரத்தை மேம்படுத்தியவர். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் எம்.ஆர்.டி. சுரங்கம் தோண்டும் ராட்சத இயந்திரங்கள் அந்தக் கவசத்தின் வழிவந்தவை. தரைக்குக் கீழே ஒரு பாதை, தரைக்கு மேலே ஒரு பாதை என்று இரண்டிலும் கை வைத்த மனிதர்.

அந்தக் காலத்தில் நீராவி எஞ்சின் இல்லாமல் இரயில் என்று நினைத்துப் பார்ப்பதே கடினம். அமெரிக்காவில் நியூயார்க்கின் உயர்நிலை இரயில்களை நீராவி எஞ்சின்கள்தாம் இழுத்தன. கீழே நடந்தவர்கள்மேல் சாம்பலும் எண்ணெயும் விழுந்தன. சிக்காகோவும் 1892இல் நீராவியோடுதான் தொடங்கியது. லிவர்பூலிலும் முதலில் நீராவியைத்தான் நினைத்தார்கள். ஆனால் கீழே இருப்பது கப்பல் சரக்கு. பஞ்சு, மரம், எண்ணெய். எஞ்சினிலிருந்து ஒரு தீப்பொறி விழுந்தால் போதும். ஆகவே மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிராம்லி மூர் என்ற கப்பல்துறையின் பக்கத்தில் சொந்தமாக ஒரு மின்நிலையம் கட்டி, 500 வோல்ட் நேர்மின்னோட்டத்தைத் தண்டவாளத்தை ஒட்டிய மின்தடம் வழியாக இரயிலுக்குக் கொடுத்தார்கள். (அந்த மின்நிலையம் நிலக்கரியை எரித்துத்தான் ஓடியது. புகை ஒழியவில்லை, இடம் மாறியது. மின்சார வாகனம் பற்றி இன்று பேசும்போதும் இதை நினைவில் வையுங்கள்.)

மின்சாரத்தால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. படிவம் 4 இயற்பியல் படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்து வண்டியைத் தள்ள வேண்டுமானால் உராய்வு வேண்டும். உராய்வு, சக்கரத்தின் மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. நீராவி எஞ்சினில் இழுக்கும் சக்கரங்கள் எஞ்சினில் மட்டுமே இருக்கும். ஆகவே எஞ்சின் கனமாக இருந்தே ஆக வேண்டும். கனமான எஞ்சின் பாலத்தில் போகும்போது அந்த எடை முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும். பாலத்தையும் அதற்கேற்பக் கனமாகக் கட்ட வேண்டும். லிவர்பூலில் தனி எஞ்சினே இல்லை. பயணிகள் உட்காரும் பெட்டியின் அடியிலேயே மோட்டார். பயணிகளின் எடையே சக்கரத்தை அழுத்திப் பிடிப்பைத் தந்தது. சுமை பரவியதால் பாலமும் மெலிதாக இருக்கலாம். உங்கள் எல்.ஆர்.டி.யிலும் எம்.ஆர்.டி.யிலும் இரயிலின் முன்னால் எஞ்சின் இல்லாததற்கு இதுவே காரணம். பிறகு சிக்காகோவுக்காக ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர், ஒரே ஓட்டுநர் பல பெட்டிகளின் மோட்டார்களைச் சிறிய மின்னோட்டத்தால் கட்டுப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். 1898இல் சிக்காகோவின் தென்பகுதித் தடம் நீராவியை விட்டது. அதன் பிறகு உலகமே அந்த வழியில் போனது.

லிவர்பூல் இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'துறைமுகத் தொழிலாளியின் குடை'. மழை பெய்தால் பாலத்தின் அடியில் நனையாமல் நடந்து போகலாம் அல்லவா? 1897இல் லூமியேர் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் அலெக்சாண்டர் புரோமியோ, ஓடும் இரயிலில் கேமராவை வைத்துக் கப்பல்துறைகளைப் படம்பிடித்தார். நகரும் வண்டியிலிருந்து எடுத்த மிகப் பழைய திரைக்காட்சிகளில் அதுவும் ஒன்று. உச்சக்கட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 மில்லியன் பயணங்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து பாலம் பல இடங்களில் சேதமடைந்தது. பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள்.

குண்டுக்குத் தாக்குப்பிடித்த பாலம், துருவுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

தண்டவாளத்தைத் தாங்கிய தளம் வளைவான இரும்புத் தகடுகளால் ஆனது. மழைநீர் தேங்குவதற்கு இடம் இருந்தது. பக்கத்தில் கடல், காற்றில் உப்பு. இவை இரண்டும் போதாதென்று மூன்றாவதாக ஒன்று. பாலத்தின் கீழே, அதே சாலையில், துறைமுகத்தின் சரக்கு இரயில்கள் ஓடின. அவற்றை இழுத்தவை நீராவி எஞ்சின்கள். எந்தப் புகை வேண்டாம் என்று மின்சாரத்துக்குப் போனார்களோ, அதே புகை 60 ஆண்டுகளுக்கு மேல் கீழிருந்து பாலத்தின் அடிவயிற்றை நனைத்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த பொறியியல் கதைகளில் இதைப்போல் மனத்தை உறுத்தும் கதை வேறு இல்லை.

அங்கே என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் வேதியியல் பாடத்தை வைத்தே சொல்லிவிடலாம். இரும்பு அணு எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகிறது. அந்த எலெக்ட்ரான்களை நீரும் ஆக்சிஜனும் எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் கிடைப்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. நீரில் உப்பு கரைந்திருந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வேலை வேகமாக நடக்கும். நிலக்கரியில் கந்தகம் உண்டு. எரியும்போது அது சல்பர் டைஆக்சைடு ஆகும். ஈரக்காற்றில் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பியூரிக் அமிலம் ஆகும். எஞ்சினிலிருந்து வரும் நீராவி அந்த ஈரத்தையும் இலவசமாகக் கொடுத்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். இரண்டு தகடுகளுக்கு இடையில் துரு பிடித்தால் அது ஆப்பு அடித்ததுபோல் அவற்றைப் பிரிக்கும். பிரிந்த இடுக்கில் இன்னும் நீர் புகும். பெயிண்ட் அடித்து மறைத்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

1955ஆம் ஆண்டு ஆய்வு செய்த பொறியாளர்கள், இன்னும் சில ஆண்டுகளுக்குமேல் இந்தத் தளம் தாங்காது என்றார்கள். சரிசெய்ய ஏறத்தாழ 2 மில்லியன் பவுண்டு ஆகும். 1948இல் பிரிட்டனின் பெரிய இரயில்வேக்களை அரசு எடுத்துக்கொண்டபோது இதை எடுத்துக்கொள்ளவில்லை. தனியார் நிறுவனத்திடம் அவ்வளவு பணம் இல்லை. மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. 1956ஆம் ஆண்டு முடிய ஒரு நாள் இருக்கும்போது கடைசி இரயில்கள் ஓடின. பாலத்தைப் பிரித்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

எண் 3 தப்பித்தது. அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று அது நிற்கும் இடம், ஒருகாலத்தில் அது நின்று பயணிகளை ஏற்றிய பியர் ஹெட் பகுதியிலேயே இருக்கிறது.

இப்படி ஒரு பெட்டியை வைத்திருப்பதால் என்ன பயன் என்று வகுப்பில் கேட்பவர்கள் உண்டு. "ஆசிரியர், படம் எடுத்து வைத்தால் போதாதா? முப்பரிமாண ஸ்கேன் எடுத்துக் கணினியில் போட்டுவிடலாமே?" நல்ல கேள்விதான். ஸ்கேன் நிச்சயம் வேண்டும். ஆனால் ஸ்கேன், நாம் இன்று கேட்கத் தெரிந்த கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வடிவம் என்ன, அளவு என்ன என்று சொல்லும். பொருளோ நாம் இன்னும் கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பழைய பெட்டியின் நிறம் என்ன என்று தெரிய வேண்டும். பழைய படங்கள் கறுப்பு வெள்ளை. பாதுகாப்பு நிபுணர் என்ன செய்வார் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையிலிருந்து ஊசிமுனை அளவு பெயிண்ட் துணுக்கை எடுப்பார். அதைப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பார். மரத்தின் ஆண்டு வளையம்போல் பெயிண்ட் அடுக்குகள் தெரியும். மரத்தை ஒட்டி இருப்பது முதல் பூச்சு. அதன் மேல் அழுக்குப் படலம். அதன் மேல் அடுத்த பூச்சு. எந்த அடுக்கில் எந்த வேதிப்பொருள் இருக்கிறது என்று பார்த்தால், எத்தனை முறை, ஏறத்தாழ எந்தக் காலத்தில் பூசினார்கள் என்று சொல்லலாம். 1892இல் பெயிண்ட் அடித்த தொழிலாளி, 130 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் இதைப் படிப்பார் என்று நினைத்தா அடித்தார்? 'அழகாக்குகிறோம்' என்று பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடித்துவிட்டால் அந்த ஏடு முழுவதும் குப்பைக்குப் போகும். என்னைக் கேட்டால், பழைய பொருளுக்கு ஆர்வக்கோளாறு செய்யும் கெடுதல் பல நேரங்களில் அலட்சியம் செய்யும் கெடுதலுக்குக் குறைந்ததல்ல.

பழைய பெட்டியை ஓட்ட வேண்டுமா, நிறுத்திவைக்க வேண்டுமா என்பதில் ஆர்வலர்களுக்குள் ஓயாத வாதம் உண்டு. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இரயில் பெட்டிகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடும். 1900ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஏறிய பெட்டியை அங்கே காப்பாற்றி வைத்தார்கள். 100 ஆண்டு கடந்த பிறகும் அது சிறப்புப் பயணங்களுக்காக அதே தடத்தில் ஓடியது. ஓடும் பெட்டி ஒலி எழுப்பும், ஆடும், நாற்றம்கூட வீசும். அதில் ஏறியவர் மறக்க மாட்டார். ஆனால் ஓடும் பொருள் தேயும். தேய்ந்த பாகத்தை மாற்ற வேண்டும். பிரேக்கை இன்றைய விதிக்கு ஏற்ப மாற்ற வேண்டும். மின்கம்பியை மாற்ற வேண்டும். மாற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் பழையது என்று சொல்ல என்ன மிஞ்சும்? வுப்பர்டாலில் தடம் உயிரோடு இருக்கிறது. அங்கே ஓட்டியது சரி என்பேன். லிவர்பூலில் தடமே இல்லை. எஞ்சிய மோட்டார் பெட்டியும் ஒன்றே ஒன்று. அதை எங்கோ ஒரு பூங்காவில் வட்டமாக ஓட்டிக் காட்டுவதைவிடத் தொடாமல் வைத்திருப்பதே நல்லது.

நிறுத்திவைப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது அல்ல. மரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். அதுவும் நார் ஓடும் திசையில் மிகக் குறைவாகவும், நாருக்குக் குறுக்கே அதிகமாகவும். அதோடு இறுக்கிய இரும்புப் பட்டை அப்படி விரியாது. காற்றின் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் மரம் வெடிக்கும், ஆணி தளரும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் காற்றின் ஈரப்பதம் நிலையாக இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றன. நம் நாட்டில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைத் தாண்டும். இரும்பு துருப்பிடிக்க அதைவிடக் குறைவாக இருந்தாலே போதும். கறையானும் பூஞ்சையும் வேறு. பழைய வண்டியை 'பிறகு பார்க்கலாம்' என்று வெட்டவெளியில் நிறுத்திவைத்தால், அந்தப் 'பிறகு' வரும்போது வண்டி இருக்காது. திறந்தவெளியில் நிற்கும் பழைய எஞ்சின்கள் சிலவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் பார்த்தால் பளபளப்பு. கிட்டப் போய் ஒரு மூலையை உற்றுப் பார்த்தால், தடித்த பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகத் துரு.

இப்போது பாதிப் பொருள் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். எண் 3 பெட்டி மோட்டாரைப் பற்றியும் மரவேலையைப் பற்றியும் அக்காலப் பயணத்தைப் பற்றியும் சொல்லும். ஆனால் அந்த இரயில்வே ஏன் செத்தது என்று பெட்டியால் சொல்ல முடியாது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தது பாலம். துருவேறிய அந்தத் தகடுகள்தாம் ஒரு மாணவருக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கும். அவற்றையோ உருக்குவதற்கு அனுப்பிவிட்டார்கள். அழகானதை வைத்துக்கொள்வோம், அசிங்கமானதைத் தூக்கிப்போடுவோம் என்பது மனித இயல்பு. அறிவியல் மாணவருக்கு அசிங்கமானது பல நேரம் அதிகம் பேசும்.

நம் ஊருக்கு வாருங்கள். கோலாலம்பூரின் முதல் எல்.ஆர்.டி. 1996 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. அந்த முதல் இரயில்கள் ஏற்கெனவே சேவையிலிருந்து விலகிவிட்டன. அம்பாங் தடத்தில் இப்போது நீங்கள் ஏறுவது பிற்பாடு வந்தவை. சிங்கப்பூர் எம்.ஆர்.டி. 1987 நவம்பர் 7ஆம் தேதி தொடங்கியது. அதன் முதல் தலைமுறைக்கு ஜப்பானிலிருந்து ஆறு பெட்டிகள் கொண்ட 66 இரயில்கள் வந்தன. அவற்றின் காலமும் முடிந்து புதியவை வந்துகொண்டிருக்கின்றன. கிளானா ஜெயா தடம் 1998 செப்டம்பரில் தொடங்கியது. அதன் முதல் இரயில்களுக்கும் வயதாகிவிட்டது. 30 வயது என்பது மனிதருக்கு இளமை. இரயில் பெட்டிக்கு ஓய்வு வயது.

இவற்றில் கிளானா ஜெயா இரயில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடிக்கும். அதன் மோட்டார் சுழலாது. சாதாரண மின்மோட்டாரில் வெளியே ஒரு வளையமாகக் கம்பிச்சுருள்கள், உள்ளே சுழலும் பகுதி. அந்த வளையத்தை ஒரு பக்கம் வெட்டி நீளமாக விரித்துப்போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பிச்சுருள்கள் பெட்டியின் அடியில். சுழல வேண்டிய பகுதி, தண்டவாளங்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஓர் உலோகப் பட்டை, மேலே அலுமினியம். சுருள்களில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் பட்டையின் நீளத்தில் நகரும். நகரும் காந்தப்புலம் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தள்ளும். இரயில் நகரும். சக்கரங்கள் எடையைத் தாங்கி உருள்வதோடு சரி. இழுப்பது அவற்றின் வேலை இல்லை. லிவர்பூல் பெட்டிக்கு எடையும் உராய்வும் இல்லாமல் முடியாது. இதற்கு முன்னேறிச் செல்ல அந்த உராய்வு தேவையே இல்லை. மழையில் தண்டவாளம் வழுக்கினாலும் தள்ளும் விசை குறையாது. நூறு ஆண்டுகளில் இயற்பியல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது!

இந்த இரயிலின் ஒரு பெட்டியை மட்டும் கொண்டுபோய் ஓர் அருங்காட்சியகத்தில் வைத்தால் என்ன ஆகும்? மோட்டாரில் பாதியைத்தான் வைத்திருப்போம். மறுபாதி பாதையிலேயே கிடக்கும். அந்தப் பட்டையில் சில மீட்டராவது கூடவே வராவிட்டால், 50 ஆண்டு கழித்துப் பார்க்கும் மாணவருக்கு இது எப்படி ஓடியது என்றே புரியாது.

இதைவிடச் சிக்கலான இன்னொரு பாதியும் உண்டு. எண் 3 பெட்டியில் ஓட்டுநர் பிடித்த கைப்பிடியைப் பார்த்தால் அதை எப்படி ஓட்டினார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். கிளானா ஜெயா இரயிலில் ஓட்டுநரே இல்லை. எப்போது வேகமெடுப்பது, எங்கே நிற்பது, எப்போது கதவைத் திறப்பது என்று முடிவெடுப்பது மென்பொருள். அதில் ஒரு பகுதி இரயிலில், ஒரு பகுதி பாதையோரத்தில், ஒரு பகுதி கட்டுப்பாட்டு மையத்தில். பெட்டியைக் காப்பாற்றி மென்பொருளை அழித்துவிட்டால், மூளை இல்லாத உடலைத்தான் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்துவோம். மரத்தைப் பாதுகாக்க நூறு ஆண்டு அனுபவம் உலகத்துக்கு இருக்கிறது. 1990களின் கட்டுப்பாட்டுக் கணினியைப் பாதுகாக்கும் கலை இன்னும் குழந்தைப் பருவத்தில்தான் இருக்கிறது. உங்களில் யாராவது கணினி அறிவியல் படிக்கப் போகிறீர்கள் என்றால், இதையும் ஒரு வேலையாக எண்ணிப் பாருங்கள்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். பள்ளி ஆய்வகங்களுக்கே பொருள் வாங்கப் பணம் போதாத நேரத்தில் பழைய இரயிலுக்குக் கட்டடமா என்ற கேள்வியை நானும் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் நான் கேட்பது 90 பெட்டிகளையும் அல்ல. ஒரு தலைமுறைக்கு ஒன்று. முழுப் பெட்டிக்கு இடமில்லையா? முன்பக்கத்தில் கால்வாசியை வெட்டி எடுங்கள்; மோட்டாரும் சக்கரத் தொகுதியும் அதோடு இருக்கட்டும். அடியில் உண்மையான பாதைத் துண்டு ஒன்று. பக்கத்தில் தேய்ந்துபோன சக்கரம் ஒன்று, வெடித்த தாங்கி ஒன்று, துருப்பிடித்த போல்ட் ஒன்று. கையேடுகளும் வரைபடங்களும் மென்பொருளும் ஒரு காப்பகத்தில். கூரையும் ஈரம் கட்டுப்படுத்திய அறையும் அவசியம். அது முடியாது என்றால் எடுக்காமல் இருப்பதே மேல். இந்த முடிவை எடுக்கும் நேரம் இரயில் ஓய்வு பெற்ற பிறகு அல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போதே. சேவையை விட்டு விலகிய இரயிலிலிருந்து மற்ற இரயில்களுக்கு உதிரிபாகம் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். அது அவர்கள் பார்வையில் நியாயமும்கூட. ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைப்பது ஓடு மட்டும்.

அதுவரை அருங்காட்சியகத்துக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை கிளானா ஜெயா தடத்தில், தரைக்கு மேலே இருக்கும் ஏதாவது ஒரு நிலையத்தில் இரயிலுக்காக நிற்கும்போது, மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் அந்தப் பக்கத் தண்டவாளத்தைப் பாருங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் தட்டையாக ஒரு பட்டை கிடக்கும். மோட்டாரின் மறுபாதி அது. அதை ஒரு தாளில் வரைந்து, பெட்டியின் சுருள் எங்கே வரும், காந்தப்புலம் எந்தப் பக்கம் நகரும், விசை எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.